ஒரு வீடு, இரண்டு உலை

1

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மோர்னிங்சைட் பகுதியில் இந்த வீட்டுக்கு நான் குடிவந்து மூன்று ஆண்டுகள் நிறைந்த அதே வாரத்தில், நான் யாருடைய சோற்றை உண்கிறேன் என்று அரசாங்கம் என்னிடம் கேட்டது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கேட்ட பெண்ணின் குரலில் வேடிக்கையும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்கப்படும் வினாக்களுள் அதுவும் ஒன்று.

என் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். உணவுப்பொருள்களைப் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் நின்றபடியே வேலை செய்தேன். முள்ளந்தண்டு அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. இப்போது ஓர் உலை கொதிக்கும் நேரம்கூட என்னால் சேர்ந்தாற்போல் நிற்க இயலாது. மாகாண அரசு எனக்கு இயலாமை உதவித்தொகை தருகிறது. அது இரு பகுதிகளாலானது. உணவு, உடை முதலியவற்றுக்கான அடிப்படைத் தொகை ஒன்று. வாடகை கொடுப்பவருக்கு அதன்மேல் சேர்க்கப்படும் மேலதிகத் தொகை மற்றொன்று. ஒரு வீட்டைப் பலர் பகிர்ந்து வாழ்ந்தாலும், அவரவர் பங்கு வாடகைக்கேற்ப அந்த மேலதிகத் தொகை உண்டு. ஆனால் தங்க இடத்தையும் சமைத்த உணவையும் ஒருவரிடமே பெறுபவரை வாடகைக்குடியாகக் கொள்வதில்லை. அவருக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகைதான்; அது குறைவானது. இந்த வேறுபாட்டை நான் அறியாதவளல்லேன்.

இவ்வீட்டின் உரிமையாளர் விட்பி என்னும் அயல்நகரில் இருக்கிறார். வாடகை ஒப்பந்தம் மலர், தயாபரன் என்னும் தம்பதியரின் பெயரில் உள்ளது. அவர்களும் மகள் அபியும் மேல்தளத்தில் வாழ்கிறார்கள். படி ஏறத் தேவையில்லாத கீழறை எனக்கு. என் பங்கு வாடகையை மாதத் தொடக்கத்தில் மலரிடம் கொடுத்துவிடுவேன். சமையலறை ஒன்று, மின்னடுப்பும் ஒன்று, அதில் நான்கு வட்டங்கள். முன்வரிசையின் இடப்பக்க வட்டம் என்னுடையது. யாரும் அப்படி வகுத்ததில்லை. உயரமான முக்காலியில் அமர்ந்தபடி சமைக்கும் எனக்கு எட்டுவது அதுதான் என்று கண்ட நாளில் இருந்து, மலர் தன் சட்டிகளைப் பின்வரிசைக்கு நகர்த்திக்கொண்டாள்.

என் அரிசியை நான் வாங்குகிறேன். என் கறியை நானே ஆக்குகிறேன். அதேவேளை, வெள்ளிக்கிழமைகளில் மலர் வைக்கும் மரக்கறிகளுள் ஒன்று, வெறும் தயிர்ப் பெட்டி ஒன்றில் நிரம்பி என் அறை வாயிலுக்கு வந்துவிடும். அந்தப் பெட்டியை நான் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. சிறிது ரவா லட்டு, ஒரு பிடி வறுத்த கடலை, ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு தேசிக்காய் ஆகிலும் அதில் இருக்கும். மூன்று ஆண்டுகளாக அந்தப் பெட்டிகள் இப்படி நடந்து திரிகின்றன.

தொலைபேசி வந்தபோது நான் சமையலறை மேசையில் இருந்தேன். மலர் எனக்கு முதுகு காட்டி நின்று கீரை கழுவிக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, மருத்துவர், வாடகை என்று வினாக்கள் ஒழுங்காக வந்தன. பிறகு அந்தப் பெண் கேட்டார்: "உங்கள் உணவை யார் சமைக்கிறார்கள்?"

குழாய்த் தண்ணீரின் ஓசை நின்றது. மலர் திரும்பவில்லை, குழாயை மட்டும் மூடினாள்.

"நான் இவர்களுக்கு வேற்றாள் அல்ல," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஒரே குடும்பமாகவே உண்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. குழாய் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

2

முடிவு தபாலில் வந்தது. அதன் சாரம் எனக்கு விளங்கிற்று. ஆயினும் விளங்கியது தவறாக இருக்கட்டும் என்ற ஆசையில் அபியிடம் கொடுத்தேன். அவள் கல்லூரியில் கணினி கற்கிறாள். நின்றபடியே ஒரே மூச்சில் படித்து முடித்தாள்.

"அன்ரி, இனி உங்களுக்கு றென்ற் பார்ட் இல்லை. உங்களை போர்டர், சாப்பாட்டோட தங்கிறவா எண்டு மாத்தியிருக்கினம். அம்மா உங்களுக்குச் சாப்பாடு போடுறாவாம்." அவள் தாளைத் தாழ்த்தினாள். "நீங்க ஏன் அப்பிடிச் சொன்னீங்க? யூ குக் எவ்ரி டே. ஐ ஸீ யூ."

"அம்மா பக்கத்தில நிண்டவா, பிள்ளை."

"ஸோ?"

"அவவுக்கு முன்னால, நான் தனியச் சமைக்கிறன் எண்டு வெளியாளுக்குச் சொன்னா என்ன மாதிரி இருக்கும்?"

"ட்ரூத் மாதிரி இருக்கும்," என்றாள் அபி.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரே ஃபேமிலியாச் சாப்பிடுறம் எண்டு வேற சொல்லியிருக்கிறீங்க. அன்ரி, நாங்களே ஒண்டாச் சாப்பிடுறேல்லை. அப்பா கார்ல சாப்பிடுறார். நான் மேல. அம்மா சிங்க்குக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு. ஹூ இஸ் திஸ் ஃபேமிலி?"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தயாபரன் பகலில் ஒரு பண்டகசாலையிலும் மாலையில் வாடகை வண்டியிலும் வேலை செய்கிறான். அவனுடைய சோறு இருக்கைக்குப் பக்கத்தில் பயணம் செய்கிறது. அபி தட்டோடு படியேறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். கணினித் திரைதான் அவளுக்குப் பந்தித்துணை. இவ்வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உண்பவர்கள் யாரேனும் உண்டென்றால், அது முக்காலியில் இருக்கும் நானும் கழுவுதொட்டியோடு சாய்ந்து நிற்கும் மலரும்தாம். அதுவும் வெவ்வேறு சோற்றை.

அன்று மாலை தயாபரனுக்குச் செய்தி எட்டியது. வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, ஒபிசுக்கு இவளின்ர கத்தரிக்காய்க் கறியில கொஞ்சம் அனுப்பி விடுங்கோ. உதைச் சாப்பிட்டுத்தான் சீவிக்கிறா எண்டு தெரிஞ்சா, இரக்கப்பட்டுக் கூட்டித் தருவினம்," என்றான்.

"உங்களுக்கு நாளைக்குக் கறியில்லை," என்றாள் மலர்.

பிறகு அவன் பகிடியை நிறுத்திக்கொண்டான். "குறையிற காசை வாடகையில குறைச்சுத் தாங்கோ அக்கா. சமாளிப்பம்."

சமாளிக்க இயலாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். விட்பிக்காரர் இவ்வாண்டும் வாடகையை உயர்த்தியிருந்தார். என் பங்கு வராவிட்டால் அவன் மூன்றாவது வேலைக்குத்தான் போகவேண்டும். அதைவிட, என் பங்கைக் கொடுக்காமல் அந்த அறையில் ஓர் இரவுகூட உறங்க என்னால் இயலாது. மூன்று ஆண்டுகளாக இவர்களுக்கு நான் ஒரு பாரமாக இல்லாமல் வாழ்ந்ததற்கு அந்தப் பங்கு வாடகை ஒன்றே ஆதாரம். குறித்த நாள்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று முடிவில் எழுதியிருந்தது. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் உள்ளதோ அவர், எனக்குத் தாம் உணவு வழங்குவதில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த ஒருவர் மலர்.

3

எங்களிடையே ஒரு வீட்டில் உலை பிரிந்தது என்றால், அங்கே மனம் முறிந்தது என்று பொருள். காணி வழக்கில் நீதிமன்றம் ஏறிய சகோதரர்களைப் பற்றிக்கூட, "ஆனால் உலை இன்னும் ஒன்றுதான்" என்று ஆறுதல் சொல்வார்கள்.

போரில் நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலம் நினைவுக்கு வருகிறது. எங்கள் குடும்பமும் சித்தப்பா குடும்பமும் முன்பின் அறியாத ஒருவருடைய வீட்டின் பின்விறாந்தையில் தங்கியிருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே பானை. நிவாரண அட்டைக்கு ஓர் எல்லை இருந்தது: ஓர் அட்டைக்கு இத்தனை பேர் என்று. இரண்டு குடும்பங்களும் ஓர் அட்டையில் அடங்கினால், எல்லைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கு அரிசி கிடையாது. பதிவுக்குக் கிராம அலுவலரான விதானையார் வருகிறார் என்ற செய்தி வந்ததும் அம்மா, என் தந்தையான ஐயாவிடம், "ரெண்டு குடும்பம், ரெண்டு அடுப்பு எண்டு சொல்லுங்கோவன்," என்றார்.

"ஒரு வயித்தில பிறந்ததுகள் உலை பிரிச்சிட்டுதுகள் எண்டு என்ர வாயால வராது," என்று சொல்லிவிட்டு, ஐயா சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

அம்மா மூன்று கற்களைப் பொறுக்கி வந்து விறாந்தையின் மறுகோடியில் வைத்தார். இரவல் பானை ஒன்றில் தண்ணீர் ஊற்றித் தீ மூட்டினார். விதானையார் வந்தார், முதல் அடுப்பைப் பார்த்தார், இரண்டாவது அடுப்பையும் பார்த்தார். குனிந்து மூடியைத் தூக்கினார்.

"என்ன பிள்ளை, வெறும் தண்ணியைக் கொதிக்க வைக்கிறாய்?"

"அரிசி இனித்தானே ஐயா நீங்கள் தரவேணும்," என்றார் அம்மா.

விதானையார் மூடியை மெதுவாக வைத்தார். இரண்டு அட்டைகள் எழுதினார். பொழுதுபடத் திரும்பிய ஐயா, அந்தக் கற்களைச் சுற்றி நடந்து போய்க் கைகழுவிவிட்டு வந்து, ஒரே பானைச் சோற்றை உண்டார். கற்களைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

அங்கே ஒரே பானையில் உண்டவர்கள் இரண்டு என்று சொல்ல வேண்டியிருந்தது. இங்கே உண்பது இரண்டு பானையில்; நான் ஒன்று என்று சொல்லிவிட்டேன். ஐயாவின் நாக்கு எனக்கு வாய்த்திருக்கிறது. அம்மாவின் நாக்கு வாய்க்கவில்லை.

4

மலரிடம் கேட்டேன். எத்தனையோ விதமாகச் சொற்களை அடுக்கிப் பார்த்த பிறகுதான் கேட்டேன். எந்த அடுக்கும் பயன்படவில்லை.

"உங்களுக்கு நான் சாப்பாடு தாறேல்லை எண்டு வெள்ளைக்காரருக்கு எழுதித் தரட்டோ?"

"தாறேல்லை எண்டில்லை, மலர். நான் தனியச் சமைக்கிறன் எண்டு."

"ரெண்டும் ஒண்டுதான் அக்கா. மூண்டு வருசம் ஒரு வீட்டில வச்சிருந்து, நடக்க ஏலாத மனிசிக்கு ஒரு வாய் சோறு குடாதவள் எண்டல்லோ அர்த்தம்? நாளைக்குச் சனம் கேள்விப்பட்டா?"

"சனத்துக்கு ஆர் சொல்லப் போகினம்?"

"எனக்குத் தெரியும்தானே," என்றாள் மலர்.

அந்த வெள்ளிக்கிழமை தயிர்ப் பெட்டி வரவில்லை. மலர் சினத்தால் அனுப்பாமல் விட்டாளா, அனுப்பினால் அதுவே எனக்கு எதிரான சான்றாகிவிடும் என்று அஞ்சினாளா என்பது தெரியவில்லை. முக்காலியில் இருந்து என் சோற்றை உண்டேன். மலர் அன்று மேலே போய் உண்டாள்.

மறுநாள் அபி எனக்கு உதவ முன்வந்தாள். அவள் தலைமுறைக்கு எதையும் படம் எடுத்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை உண்டு. நீலநிற ஒட்டுநாடா ஒன்றைக் கொண்டுவந்து, குளிர்சாதனப் பெட்டியின் தட்டுகளை நேர்க்கோட்டில் பிரித்தாள். ஒரு பக்கத்தில் என் பெயர், மறுபக்கத்தில் அவர்கள் பெயர். அரிசிப் பைகளையும் பிரித்து வைத்தாள். அடுப்பின் இடப்பக்க முன்வட்டத்தைச் சுற்றியும் நாடா ஒட்டினாள். எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது மலர் வேலை முடிந்து வந்தாள். காலணியைக் கழற்றாமலே நின்றாள்.

"என்ர பிறிட்ஜில கோடு கீறினது ஆர்?"

"எவிடென்ஸ், அம்மா. அன்ரிட கேஸுக்கு."

"நீ எனக்குக் கேஸ் படிப்பிக்க வேண்டாம். உரி உதை."

"பட் இட்ஸ் ட்ரூ அம்மா! அந்தப் பக்கம் ஆக்சுவலி அன்ரிட பக்கம்தானே. த்ரீ இயர்ஸா அப்பிடித்தான் இருக்கு. நான் லைன் மட்டும்தான் போட்டனான்."

மலர் நாடாவின் நுனியை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் உரித்தாள். அடுப்பில் ஒட்டியிருந்ததை உரிக்கும்போது மட்டும் கை சற்றுத் தயங்கியது. பிறகு அதையும் உரித்தாள்.

அபி என்னைப் பார்த்தாள். என் அம்மா தென்மராட்சியில் வைத்த இரண்டாவது உலை பொய். அதனால் அது யாரையும் சுடவில்லை. இந்தப் பிள்ளை ஒட்டிய கோடு உண்மை. பொய்யைச் சொல்லிவிட்டு ஒரே பானையைச் சுற்றி அமர்ந்தவர்கள் நாங்கள். உண்மையைச் சொல்லிவிட்டு எதைச் சுற்றி அமர்வது என்பது எங்களுக்குப் பழக்கமில்லை.

5

மறுபரிசீலனைக்குரிய நாள்கள் கரைந்துகொண்டிருந்தன. வேறு அறை பார்ப்பதைத் தவிர எனக்கு வழி தோன்றவில்லை. அரசு உதவிபெறும் குடியிருப்புக்குப் பெயர் பதிந்தவர்கள் பல்லாண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். எனவே தெரிந்த ஒருவர் தந்த எண்ணை அழைத்தேன். விட்பியில் நிலக்கீழ் அறை ஒன்று, குறைந்த வாடகை. பேசியவர் தமிழர்தாம். வெளிச்சம் உண்டா, பேருந்து உண்டா என்று கேட்ட பிறகு கடைசியாகக் கேட்டேன்: "இறங்கிறதுக்கு எத்தினை படி?"

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது, மலர் துவைத்த துணிக்கூடையோடு என் அறை வாயிலில் நின்றாள்.

"உங்களுக்குப் படி இறங்கி ஏறேலுமோ அக்கா?"

"பழகலாம்."

"என்னத்தைப் பழகிறது? விசர்க்கதை கதையாதேங்கோ." கூடையைக் கீழே வைத்தாள். "எந்த நம்பர்? ஒபிசில ஆரோட கதைக்க வேணும்?"

அன்றே அழைத்தோம். நல்வாய்ப்பாக, என் கோப்பைப் பார்க்கும் அலுவலர் நேரடியாகவே கிடைத்தார். நான் விளக்கினேன்: என் உணவை நானே சமைக்கிறேன், முன்பு சொன்னது சரியான விடையல்ல, வீட்டாரைப் பற்றிக் குறையாகத் தொனிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்லிவிட்டேன். இப்படி ஒரு காரணத்தை அவர் முன்பு கேட்டிருக்க மாட்டார் போலும். பிறகு, ஒப்பந்தக்காரரோடு பேசலாமா என்றார். மலர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசிக்கு மிக அருகே குனிந்தாள்.

"ஷீ குக் ஹேர் ஃபுட்," என்றாள் உரத்த குரலில். மூச்சு வாங்கினாள். "ஐ குக் மை ஃபுட்."

இவ்வளவே போதும் என்று நான் சைகை காட்டினேன். மலர் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பட் ஃபிரைடே, ஐ கிவ். ஷீ சிக், ஐ கிவ். பொங்கல், தீபாவளி, ஐ கிவ். ஷீ ஆல்ஸோ கிவ். ஐ நொட் ஸ்டொப்."

எல்லாம் கெட்டது என்றே எண்ணினேன். மறுமுனையில் தட்டச்சு ஓசை எழுந்து ஓய்ந்தது. அலுவலர் அமைதியாகக் கேட்டார்: அப்படிக் கொடுக்கும் உணவுக்கு நீங்கள் அவரிடம் பணம் பெறுகிறீர்களா?

மலர் தொலைபேசியை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்னவாம்? சோத்துக்குக் காசோ?"

"ஓம். வாங்கிறனியோ எண்டு கேக்கிறா."

"இவைக்கு என்ன, மண்டை கழண்டு போச்சோ?" மறுபடியும் குனிந்தாள். வாழ்வில் இவ்வளவு தெளிவான ஆங்கிலத்தை அவள் பேசி நான் கேட்டதில்லை. "நோ மணி. நெவர். ஃபோர் ரைஸ்? நெவர்!"

அலுவலர் சிரித்ததாகத்தான் எனக்குக் கேட்டது. அவர்களுக்கு அது விலக்கப்பட்டதாக இருக்கலாம். எனவே உறுதியாகச் சொல்லமாட்டேன். ஒரே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் ஒரு கறியை அலுவலகம் உணவு வழங்கலாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றும், மாதந்தோறும் பணம் பெற்று மூன்று வேளையும் சமைத்துப் போடுவதுதான் அவர்கள் கேட்பது என்றும் சொன்னார். மலர் சொன்னதைச் சுருக்கமாக எழுதி, ஒப்பமிட்டு அனுப்பினால் போதும்.

எழுதினோம். அதாவது, மலர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெள்ளிக்கிழமையைப் பற்றிய வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அது இல்லாமல் ஒப்பமிட மாட்டேன் என்றாள்.

6

வாடகைக்கான மேலதிகத் தொகை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இவ்வறையும் என்னிடமே இருக்கிறது. அலுவலகத்தின் பதிவில் நான் இப்போது தனியே சமைத்துத் தனியே உண்பவள். அந்த வாக்கியம் முற்றிலும் சரியானது. எனக்கு வேண்டியதும் அதுதான். ஆயினும் அதை வாசித்த அன்று, தாளை மடித்து வைக்கச் சற்று நேரம் பிடித்தது.

நேற்று வெள்ளிக்கிழமை. வெளியே இவ்வாண்டின் முதற்பனி. பயற்றங்காய்க் கறிக்கு அடுப்பில் சட்டியை ஏற்றிவிட்டு, முதுகு ஒத்துழைக்காததால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். பின்வரிசையில் மலருடைய சொதி மணத்தது. அபி தட்டோடு படியேறப் போனவள், என்ன நினைத்தாளோ, மூன்றாவது படியிலேயே அமர்ந்து உண்ணத் தொடங்கினாள். எங்களைப் பார்க்கவில்லை, கைத்தொலைபேசியைத்தான் பார்த்தாள். ஆனாலும் கதவு சாத்தப்படவில்லை.

என் சட்டியின் மூடி துள்ளும் ஓசை கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, பின்வரிசையில் இருந்து நீண்ட ஒரு கை சூட்டைத் தணித்தது. மூடியைத் தூக்கிற்று. அகப்பையால் ஒரு துளி அள்ளி உள்ளங்கையில் விட்டது.

"என்ன மலர், உப்புப் பார்க்கிறியோ?"

"பார்த்திட்டன் அக்கா, காணாது," என்று அவளே ஒரு சிட்டிகை போட்டாள். "உதை ஒபிசுக்குச் சொல்லிப் போடாதேங்கோ."